ஹாட் ராட் வாங்கப் போனால் முதலில் தரையில் படுங்கள்

பழைய ஹாட் ராட் (வேகத்துக்காக வெட்டித் தாழ்த்தி, எஞ்சினைத் தேற்றிய பழைய கார்) விலை பேசக் கிளம்புகிறவர் ஒரு கம்பளியையும் நல்ல டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கம்பளி, வண்டிக்கு அடியில் விரித்துப் படுக்க. விற்பவர் எஞ்சினை ஓட்டிக் காட்டட்டும், முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட பெயின்ட்டைக் காட்டட்டும், கண்காட்சியில் வாங்கிய கோப்பையைக் காட்டட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் நேரே கீழே போய்விடுவேன். பெயின்ட்டை மாற்றலாம், எஞ்சினையும் மாற்றலாம். எல்லாவற்றையும் அடியில் தாங்கும் எலும்புக்கூடான ஃபிரேம் கெட்டிருந்தால் வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றி மறுபடி கட்ட வேண்டியதுதான்.

என் தொழில் வெல்டிங் சோதனை. இருப்பது தெற்கு கலிபோர்னியாவில், பொமோனா பக்கம். ஹாட் ராட்டுக்கு இதுதான் தாய்வீடு. கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ என்ற ஹாட் ராட் கண்காட்சி 1950-ல் ஓக்லாண்டில் தொடங்கியது, பிறகு பொமோனாவுக்கே வந்துவிட்டது. பழைய கார்ச் சந்தையும் இங்கேயே நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பித்துப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குப் பிடித்தது. "அண்ணே, நீங்க வெல்டிங்க மட்டும் பாத்துச் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். வெல்டிங்கை மட்டும் தனியாகப் பார்க்க முடியாது என்பது அவருக்கு அப்போது தெரியாது. வெல்ட் நன்றாக இருந்து, வெல்ட் வைத்த இடம் தப்பாக இருந்தால் என்ன செய்வது?

ஹாட் ராட் என்பது பெரும்பாலும் 1928 முதல் 1930-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோர்டு. முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்க்க, பையன்கள் மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் தேற்றி, உடலைத் தாழ்த்தி ஓட்டிய வண்டிகள். ஆக, இதில் 'கை வைக்காத ஒரிஜினல் ஃபிரேம்' என்று தேடுவது அர்த்தமில்லாத வேலை. கை வைத்திருந்தால்தான் அது ஹாட் ராட். வெட்டியவர் விசை எந்த வழியாகப் போகும் என்று யோசித்து வெட்டினாரா, வண்டி அழகாகத் தாழ்ந்து நிற்க வேண்டும் என்று மட்டும் வெட்டினாரா என்பதைத்தான் கீழே படுத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முதலில் கம்பெனி கொடுத்தது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்டு மாடல் ஏ (1928 - 31) ஃபிரேம் எளிமையானது. சி வடிவத்தில் மடித்த இரண்டு நீள ரெயில்கள், குறுக்கே சில சட்டங்கள், எல்லாம் ரிவிட் அடித்தவை. தகடு ஏறக்குறைய 1/8 அங்குலம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சக்கர இடைவெளி 103.5 அங்குலம். 1932 ஃபோர்டில் அது 106 அங்குலம் ஆனது. ரெயிலின் வெளிப்பக்கத்தில் நீளமாக ஓடும் ஒரு வரிப்பள்ளம் உண்டு, மட்கார்டைக் கழற்றினாலும் பார்க்க அழகாக இருக்கும். மாடல் ஏ உடலை 32 ரெயிலில் தூக்கி வைப்பது அதனால்தான் அவ்வளவு பிரபலம். 1933, 34-ல் இடைவெளி 112 அங்குலமாகி, நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச்சட்டம் வந்தது. 32-ல் வந்த ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் 65 குதிரைத்திறன். இன்று அதே ரெயிலுக்குள் செவர்லே 350 எஞ்சின் உட்கார்ந்து அதைப் போல நான்கு மடங்கு வேலை செய்கிறது. ஃபிரேமுக்கு அந்தச் செய்தியை யாராவது சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

நாங்கள் முதலில் நன்றாக ஆராய்ந்தது ரிவர்சைடு பக்கம் ஒரு வீட்டுக் கராஜில் நின்ற சிவப்பு மாடல் ஏ ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத வண்டி). ஆள் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. தம்பி பார்த்ததுமே விழுந்துவிட்டார். அவ்வளவு தாழ வேண்டுமென்றால் பின்பக்க ரெயிலை வெட்டி, பின்துண்டைத் தூக்கி வைத்து ஒட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் இசட் எழுத்துபோல் இருப்பதால் 'இசட் போட்ட ஃபிரேம்' என்பார்கள். செய்வது தப்பில்லை. 1940-களிலிருந்தே செய்கிறார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இரண்டு ஆக்சில்களுக்கு நடுவே எடையைத் தாங்கும் சி வடிவ ரெயிலில், கீழ்ப்பட்டை இழுபடும், மேல்பட்டை அமுங்கும். நடுச்சுவரில் வளைவு விசை குறைவு. அதனால் நடுச்சுவரின் மத்தியில் வயர் போக, பிரேக் குழாய் போக ஓட்டை போட்டிருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. மேல்பட்டையிலோ கீழ்ப்பட்டையிலோ, அதிலும் ஓரத்தை ஒட்டி, ஓட்டை போட்டிருந்தால் டார்ச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். இதே கணக்கில்தான் வெட்டி ஒட்டிய இடத்தையும் பார்க்க வேண்டும். ரெயிலை மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்துக் கோட்டில் வெட்டி, அதே கோட்டில் பற்றவைத்துவிட்டு, மேலே எந்தத் தாங்குதகடும் இல்லாமல் விட்டிருந்தால், ரெயிலின் பலம் முழுக்க அந்த ஒற்றை வெல்ட் கோட்டை நம்பி நிற்கிறது. விவரம் தெரிந்தவர் உள்பக்கம் ஒரு தகடு வைப்பார். அதையும் சதுரமாக வெட்டாமல் டைமண்ட் வடிவத்தில் நீட்டி வெட்டுவார். அப்போது தகட்டின் ஓர வெல்ட் ரெயிலைக் குறுக்கே கடக்காமல் சாய்வாக ஓடும், விசை ஒரே கோட்டில் குவியாது. இசட் வளைவின் உள்மூலைகளில் முக்கோணத் தகடும் வைப்பார்.

அந்தச் சிவப்பு வண்டியில் ஒட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடிபோல் தேய்த்து, மேலே பளபளக்கும் கறுப்புப் பெயின்ட். விற்பவர் அதைப் பெருமையாகச் சொன்னார்: "எங்கே வெட்டினோம் என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது." எனக்கு அதுதான் பயம். கிரைண்டர் போட்டுத் தேய்த்த வெல்டில், நல்ல ஊடுருவல் இருந்ததா, மேலே மட்டும் உருகி ஒட்டியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. தேய்க்கும்போது பக்கத்துத் தகட்டையும் சேர்த்து மெலிதாக்கியிருக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை, கீழே பட்டி தடவியிருக்கிறார்கள். வெல்டில் பள்ளம் இல்லையென்றால் பட்டி எதற்கு? ரெயிலின் உள்பக்கம் கைவிட்டுத் தடவினால், தாங்குதகடு இல்லை. வெல்ட் அந்தப் பக்கம் ஊடுருவியிருந்தால் விரலில் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். வெட்டின பிளவு மட்டும் நகத்தில் இடறியது.

வெளியே வந்ததும் தம்பியிடம் வேண்டாம் என்றேன். "பெயின்ட் எப்படி இருக்கு பாத்தீங்களாண்ணே" என்று காரில் வரும்வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

தேய்க்காத வெல்ட், அசிங்கமாகவே இருந்தாலும், எனக்கு உதவும். அதன் முகத்தைப் படிக்கலாம். ஓரத்தில் தகட்டை அரித்த குழி, ஊசிக்குத்துபோல் துளைகள், ரெயில் மேல் தனியாக உட்கார்ந்த கயிறுபோன்ற கோடு என்று ஒவ்வொன்றும் ஒரு சேதி. கடைசியாகச் சொன்னது, மெல்லிய தகட்டுக்கான சின்ன மிக் வெல்டிங் மெஷினை வைத்துக் கனமான தகட்டை ஒட்டப் பார்த்ததன் அடையாளம். சந்தேகம் வந்தால் டை பெனட்ரன்ட் சோதனை செய்யலாம். சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். மூன்று டப்பாக்கள், அவ்வளவுதான் சாமான். ஆனால் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும், விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். விலையை மட்டும் அதற்கேற்ப யோசிப்பேன்.

அடுத்தது பாக்ஸிங். சி வடிவ ரெயிலின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவது. மூடியில்லாத செருப்புப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியை ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். வித்தியாசம் புரியும். பெரிய எஞ்சின் போட்ட வண்டிக்கு இது அவசியம் என்றே சொல்வேன். 1/8 அங்குலம் முதல் 3/16 அங்குலம் வரை தகடு போடுவார்கள். நான் பார்ப்பது தகடு முடியும் இடத்தை. பாதி ரெயிலுக்கு மட்டும் பெட்டி போட்டு, தகட்டைச் சட்டென்று நேராக வெட்டி முடித்திருந்தால், விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் அந்த விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். தகட்டின் நுனியை மீன் வாயைப்போலப் பிளந்து வெட்டி முடித்திருந்தால், செய்தவருக்கு விஷயம் தெரியும்.

பாக்ஸிங்கில் இன்னொரு சங்கடம், வெல்ட் சூட்டில் ரெயில் வளைவது. ஒரு பக்கம் மட்டும் நீளமாக ஒரே மூச்சில் பற்றவைத்தால், ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கும். உள்பக்கம் தகடு வைத்தால் ரெயிலின் நடுப்பகுதி வெளியே பிதுங்கி, நுனிகள் உள்ளே இழுபடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைப்பதும், ஃபிரேமை மேஜையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்வதும் அதனால்தான். மாடல் ஏ ரெயில் ஏறக்குறைய நேரானது, நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 32 ரெயிலுக்கு இயல்பாகவே வளைவு உண்டு, அங்கே இடதையும் வலதையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க முடியும். பெட்டிக்குள் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க, போனில் மாட்டும் பாம்புக் கேமரா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு ஓட்டை வழியாக உள்ளே விட்டால் போதும். துரு மேல் அப்படியே தகடு வைத்து மூடிய பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

நடுவிலிருக்கும் குறுக்குச்சட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பருமனானது, எக்ஸ் சட்டத்தின் நடுவுக்குள் நுழையாது. உடனே ஒருவர் எக்ஸை வெட்டி எடுத்துவிட்டு, கியர்பாக்ஸைத் தாங்க ஒரு பைப்பைக் குறுக்கே போட்டுவிடுவார். கியர்பாக்ஸ் நின்றுவிடும். ஃபிரேம் முறுகாமல் பிடித்திருந்த வேலையை யார் செய்வது? நாங்கள் பார்த்த ஒரு 34 கூபே (கூரையுள்ள இரண்டு கதவு வண்டி) அப்படித்தான் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது. அவர் ஐம்பதுகளிலிருந்து இந்த வண்டிகளைக் கட்டியவர். முன்பக்க ரெயிலின் ஒரு மூலைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள், சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். இப்போது கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். அந்த கூபேயில் தூக்குவதற்கு முன்பு சீராக இருந்த இடைவெளி, தூக்கியபின் மேலே மூடி கீழே வாய் பிளந்தது. கதவைத் தோளால் இடித்துத்தான் மூட வேண்டியிருந்தது. விற்பவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மரச்சட்ட உடல் அப்படித்தான் ஆடும் என்றார். கொஞ்சம் ஆடும், இவ்வளவு ஆடாது.

முன்பக்கம்தான் உயிர் பறிக்கும் இடம், அதனால் அங்கே அதிக நேரம் செலவிடுவேன். ஃபோர்டு முன் ஆக்சிலை 'விஷ்போன்' என்ற வி வடிவக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். அதன் நுனி நடுவில் ஒரே குண்டு மூட்டில் பொருந்தும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மொத்த அமைப்பும் அந்தக் குண்டைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் பேன் இடிக்கிறது என்று இதை இரண்டாகப் பிளந்து, இரு ரெயில்களிலும் தனித்தனியாக மாட்டுவது பழைய வழக்கம். அப்போது ஒரு சக்கரம் ஏறினால் ஆக்சிலே முறுகியாக வேண்டும். ஐ வடிவ ஆக்சில் முறுகிக்கொடுக்கும். குழாய் ஆக்சில் முறுகாது, அந்த விசை நேரே, கம்பியை ரெயிலோடு பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் அதன் வெல்டுக்கும் போகும். பிளந்த விஷ்போனோடு குழாய் ஆக்சில் கண்டால், பிராக்கெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் தேடுங்கள். திறந்த சி ரெயிலின் நடுச்சுவரில், பின்னால் தாங்குதகடு இல்லாமல் பிராக்கெட்டை ஒட்டியிருந்தால் ஆக்சில் எதுவானாலும் கவலைதான்.

ஸ்பிரிங்கை முன் குறுக்குச்சட்டத்துக்கு முன்னால் தள்ளி, ஒரு தாங்கியில் தொங்கவிடும் அமைப்புக்கு 'சூசைடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாங்கியின் வெல்ட் விட்டால் முன் ஆக்சிலே போய்விடும். நன்றாகச் செய்த சூசைடு வண்டிகள் பல்லாண்டு ஓடுகின்றன, மறுக்கவில்லை.

1974 - 78 ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் வகை முன் சஸ்பென்ஷன் மாட்டியிருந்தால் கேள்வி வேறு. அந்தக் காரில் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் ஒரிஜினல் கை (கீழ்க்கை) ஒல்லியானது, முன்பின் விசையைத் தாங்க ஸ்ட்ரட் கம்பி ஒன்று ஃபிரேமுக்குப் போகும். அகலமான குழாய்க் கைகள் மாட்டியவர்கள் அந்தக் கம்பியை விட்டுவிடலாம். ஒல்லிக் கை வைத்துக்கொண்டு கம்பியையும் விட்டிருந்தால், ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். பின்வந்த பெருத்த மட்கார்டு வண்டிகளில் கமாரோ, நோவா கார்களின் முன் ஃபிரேமையே வெட்டி ஒட்டியிருப்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஒட்டு மட்டும்தான், மேலே சொன்னதே போதும்.

காஸ்டர் கோணத்தையும், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தையும், அளந்துவிடுங்கள். நேர் ஆக்சில் வண்டிக்கு 5 முதல் 7 டிகிரி வரை வைப்பது வழக்கம். பின்பக்கத்தைத் தூக்கினால் காஸ்டர் குறையும். 103.5 அங்குல இடைவெளியில் பின்பக்கம் சுமார் 1.8 அங்குலம் உயர்ந்தால் ஒரு டிகிரி போச்சு. பெரிய பின் டயர் மாட்டி மூக்கைத் தாழ்த்தி நிறுத்திய வண்டி வேகத்தில் அலைபாய்வதற்கு இது பெரும்பாலும் காரணம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள், உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடை ஆக்சிலுக்கு முன்னால் மாற்றியவர்கள் ஸ்டியரிங் கைகளின் கோணத்தை மாற்றாமல் விட்டால் இது தலைகீழாகும், திருப்பத்தில் டயர் தரையைத் தேய்க்கும். குறுக்கே போகும் ஸ்டியரிங் கம்பியோடு குறுக்குப் பட்டை ஸ்பிரிங் இருந்தால் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேன்ஹார்டு கம்பி வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் நுனியின் ஷேக்கிளில் ஆக்சில் பக்கவாட்டில் ஆடும், ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

பின்பக்கத்தில் ஒன்றே ஒன்று. பழைய ஃபோர்டில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் இருக்கும், வண்டியைத் தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாக முன்னால் போகும். அதைக் கழற்றித் திறந்த ஷாஃப்ட் போட்டவர்கள், அந்த விசைக்கும் ஆக்சிலின் முறுக்குக்கும் வேறு வழி, ஆக்சிலை ஃபிரேமோடு பிடிக்கும் லேடர் பார் அல்லது நான்கு கம்பி, செய்து தந்திருக்க வேண்டும்.

அளப்பதற்கு மேஸ்திரியின் சாமான் போதும்: தூக்குக்குண்டு, சாக்பீஸ், டேப். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருபக்கமும் ஒரே மாதிரியான ரிவிட்டிலோ ஓட்டையிலோ குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 1/8 அங்குலத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நான் விட்டுவிடுவேன். 1/4 தாண்டினால் எங்கே இடித்தது, எங்கே வெட்டியது என்று தேடுவேன். சக்கர இடைவெளியை இருபக்கமும் தனித்தனியாக அளக்கவும் மறக்க வேண்டாம்.

ஃபிரேமில் அடித்த எண் வேறு தலைவலி. மாடல் ஏயில் எஞ்சினில் இருக்கும் அதே எண் இடது ரெயிலின் மேற்பக்கத்திலும் அடித்திருக்கும், ஆனால் உடல் கூடு அதை மறைத்துக்கொண்டிருக்கும். 1932 முதல் வந்த வண்டிகளிலும் ரெயிலின் மேல் எண் அடித்திருக்கும். உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். இசட் போட வெட்டியபோது எண் இருந்த துண்டைத் தூக்கி எறிந்தார்களா, புதிதாக அச்சடித்த 32 ரெயிலில் பழைய வண்டியின் பத்திரத்தை ஒட்டிவைத்தார்களா என்று கேளுங்கள். புது ரெயில்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன, அவை நல்லவையும்கூட. பழைய துருப்பிடித்த ரெயிலைவிட எனக்கு அவையே பிடிக்கும். ஆனால் அப்படிப்பட்ட வண்டியை கலிபோர்னியாவில் 'தனியாகக் கட்டிய வண்டி' என்று பதிந்திருக்க வேண்டும். வண்டியின் தோற்ற ஆண்டை வைத்துப் புகைச் சோதனை விலக்குத் தரும் எஸ்பி 100 திட்டத்தில் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்குத்தான் இடம். எண்ணைத் திருத்தியது தெரிந்தால் வண்டியே பறிமுதலாகலாம். அப்போது வெல்டின் அழகு யாருக்கும் உதவாது.

கடைசியில் தம்பி வாங்கியது பெயின்ட் உதிர்ந்த ஒரு 29 ரோட்ஸ்டர். மாடல் ஏ ஃபிரேம், பின்பக்கம் சின்னதாக இசட் போட்டது. வெல்ட் கோடுகள் தேய்க்காமல் அப்படியே இருந்தன, உள்ளே டைமண்ட் தகடு, மூலைகளில் முக்கோணம், பாக்ஸிங் நுனிகளில் மீன் வாய். கட்டியவர் எடுத்த படங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. உடலைத் தூக்கிய நிலையில் ரெயில் எண் தெரியும் படம் ஒன்று அதில் இருந்தது, பத்திரத்தோடு ஒத்துப்போனது. விஷ்போன் பிராக்கெட் மட்டும் மெல்லிய தகட்டில் செய்தது, வலதுபக்கம் சாயச் சோதனையில் சின்னச் சிவப்புக் கோடு. விற்பவரே அதைக் குனிந்து பார்த்துவிட்டு, புது பிராக்கெட் செய்து மாட்டும் செலவை விலையில் கழித்துக்கொண்டார். மாட்டும்போதே காஸ்டரை 6 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே ரெயிலோடு இருப்பதால், பின் டிரம் பிரேக்குகளுக்கான குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு வேண்டும். அது இல்லாமலே யாரோ இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள். அதையும் வாங்கி மாட்டினோம்.